ஒரு பழைய காரின் உட்புறம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வரும் வெளியூரார் வியந்து நோக்கும் பொருள்களுள் இங்குள்ள பழைய பிரித்தானியக் கார்களும் அடங்கும். ஒஸ்ரின் ஏ 40, ஏ 55, மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் என, பிறந்த நாட்டிலே கண்காட்சிக்கு உரியனவாகிவிட்ட வண்டிகள் இங்கு நெடுங்காலம் வாடகைக்கு ஓடின. சந்தைக்கு வெங்காய மூடைகளைச் சுமந்தன. மணமக்களையும் நோயாளரையும் ஒரே இருக்கையில் ஏற்றிச் சென்றன. இதனை எங்கள் மக்களின் பழமைப் பற்று என்று விளக்குவார் உளர். அவ்விளக்கம் கேட்க இனியது. ஆயின் முழுவதும் உண்மையன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இன் பின் நாட்டின் கதவு திறந்து யப்பானிய வண்டிகள் வந்தபோது, வடக்கின் நிலைமை வேறாகிக்கொண்டிருந்தது. 1990 முதல் பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடையாத அக்காலத்தில் ஒரு மிடறு பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை இப்பழைய எஞ்சின்களே ஏற்றுக்கொண்டன. புதியது வாங்க வழியில்லை என்பதனாலேயே பழையது பேணப்பட்டது. பற்று வந்திருப்பின் அது பின்னரே வந்திருத்தல் வேண்டும்.

இப்பேணலில் ஒரு விசித்திரம் உண்டு. எஞ்சினின் உறுப்புகள் தேயத் தேய மாற்றப்பட்டன. வேறு வண்டியின் உறுப்பு இதற்கும், இதன் உறுப்பு வேறொன்றுக்கும் போயிற்று. வெளித்தகடு துருவேறுந்தோறும் வெட்டி ஒட்டப்பட்டு, புதிய நிறம் பூசப்பட்டது. உட்புறத்தையோ எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஓடினாற் போதும் என்றிருந்த காலத்தில் இருக்கை கிழிந்தால் அதன் மேல் ஒரு துணி; தரை ஓட்டையானால் அதன் மேல் ஒரு தகரம்; கதவுப் பலகை உப்பினால் அதன் மேல் ஓர் ஆணி. வெளியே மாற்றினார்கள், உள்ளே மூடினார்கள். எனவே ஐம்பது அறுபது ஆண்டு ஓடிய காரொன்றில் தொடக்க காலத்துப் பொருள் எங்கேனும் எஞ்சியிருக்குமாயின் அது பெரும்பாலும் இருக்கைக்குக் கீழும் கம்பளத்துக்கு அடியிலுமே எஞ்சியிருக்கும்.

வலிகாமத்துக் கிராமமொன்றிலே தகரக் கொட்டகைக்குள் நின்ற மொறிஸ் மைனர் ஒன்று அத்தகையது. 1959 இல் ஒக்ஸ்போட் நகரை அடுத்த கௌலியில் உருவானது. 948 கன சென்றிமீற்றர் எஞ்சின், நான்கு கதவு, 'டீலக்ஸ்' வகை. வாங்கியவர் அரசாங்க அப்போதிக்கரி. தென்னிலங்கையிலே பணியாற்றிய காலத்தில் கடனுக்கு வாங்கி, இளைப்பாறிய பின்னர் ஊருக்குக் கொண்டுவந்தார். 2004 இல் அவர் மறைந்தார். 2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏ 9 வீதி மீண்டும் மூடப்பட்டபின் அக்கார் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. வீட்டில் எஞ்சியிருந்தவர் அவருடைய மகள். கல்லூரியில் இரசாயனவியல் கற்பித்து இளைப்பாறியவர். தம்பியார் 1987 இல் புறப்பட்டுப் போய்க் கனடாவில் வாழ்பவர். 2023 இன் தொடக்கத்தில் அவரிடமிருந்து ஒரு விருப்பம் தொலைபேசியில் வந்தது. தம் மகளின் திருமணத்தை ஊரிலே நடத்தப்போவதாகவும், மணமகள் பாட்டனாரின் காரிலேயே கோயிலுக்குச் செல்லவேண்டும் என்றும், பணம் எவ்வளவாயினும் அனுப்புவதாகவும் கூறினார். எஞ்சினை ஒரு கராஜ்காரர் இரு வாரத்தில் எழுப்பிவிட்டார். உட்புறம் ஏழு மாதம் எடுத்தது.

கதவைத் திறந்தபோது முதலில் வெளிப்பட்டது வாசனை. எலிப்புழுக்கை, பூஞ்சணம், பழைய தோல், இவை எல்லாவற்றுக்கும் அடியில் மண்ணெண்ணெய். சாரதியின் இருக்கைக்குள் எலிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்தன. கதவுகளின் உட்பலகை அழுத்திய கடதாசி அட்டையால் ஆனது. அதனைக் கறையான் தின்று, மேலே ஒட்டிய தோல்துணியை மாத்திரம் விட்டுவைத்திருந்தது. பார்ப்பதற்குப் பலகை போலவே இருந்தது. விரல் பட்டதும் உள்ளே போயிற்று.

இத்தகைய வண்டியைத் துப்புரவு செய்யப் புகுவோர் பலரும் முதலில் நீரையும் சவர்க்காரத்தையும் எடுப்பர். அதுவே முதற்பிழை. உலர்ந்த அழுக்கு நனைந்தால் துணியின் இழைக்குள் இறங்கிக் கறையாகும். முதலிற் செய்யவேண்டியது கழற்றுதல். அடுத்தது உலர்ந்த நிலையிலே தட்டித் துடைத்தல். நீர் எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் பிழிந்த துணியளவில். ஆசிரியை இவ்வொழுங்கை ஆய்வுகூட ஒழுங்கு போலவே கடைப்பிடித்தார். கழற்றிய ஒவ்வோர் ஆணியும் எங்கிருந்து வந்தது என எழுதிய கடதாசியோடு வெற்று ஹோர்லிக்ஸ் போத்தல்களுக்குள் போயிற்று.

இருக்கைகள் வெளியேறிய பின் தரைக் கம்பளம் தூக்கப்பட்டது. அதற்கடியில் இருந்த தடித்த மயிர்க்கம்பளி மழைநீரைப் பல்லாண்டு பிடித்துவைத்திருந்தமையால் சாரதியின் காலடியிலே தரைத்தகடு சல்லடையாகியிருந்தது. அக்கம்பளி குளிர் நாட்டுக்குப் பொருந்தும். கார்த்திகை மார்கழி மழையில் அது ஓர் ஈரப்பஞ்சு. கம்பளியின் கீழே இருவகை மண் படிந்திருந்தது. மேலே செம்மண், அது வலிகாமத்து மண், எதிர்பார்க்கத்தக்கது. அதன் கீழே ஒரு மூலையில் வெண்மணல். இவ்வூரில் அம்மணல் இல்லை. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவில் இக்காரும் கடந்தது. அடுத்த ஆண்டின் சித்திரை வரை அது கொடிகாமத்துப் பக்கத்தில் ஒரு தென்னங்காணியில் நின்றது. மணல் தென்மராட்சியின் மணல். ஆசிரியை அதனை அடையாளங் கண்டு சொல்லி முடிப்பதற்குள், வேலைக்கு வந்த பையன் தும்புத்தடியால் கூட்டித் தள்ளிவிட்டான். தரையைச் சுரண்டித் துருவை அகற்றி, ஓட்டைகளுக்குப் புதுத் தகடு வைத்து, ரெட் ஒக்சைட் பூசவேண்டியிருந்தது. மணலைப் பற்றி நின்று பேச அவனுக்கு நேரமில்லை.

கதவு எளிய பொருள் போலத் தோன்றும். கண்ணாடி இறங்கும் இடுக்கினால் மழைநீர் கதவுக்குள் புகுவதை எந்த வண்டியிலும் முற்றாகத் தடுக்க முடியாது; ஆதலின் வண்டியை அமைத்தோர் கதவின் அடியில் சிறு துளைகள் விட்டு நீர் வழியச் செய்தனர். அத்துளைகள் புழுதியால் அடைபட்டால் நீர் உள்ளே தேங்கி அட்டைப் பலகையை ஊறவைக்கும். ஊறிய அட்டையை நாடிக் கறையான் வரும். எத்தனையோ கார்களில் உட்பலகையை மூன்று முறை நான்கு முறை மாற்றியும் பயனில்லாது போனமைக்கு ஓர் ஈர்க்குக் குச்சியால் அத்துளையைக் குத்திவிடாமையே காரணம். இங்கே துளைகள் திறக்கப்பட்டன. பலகைக்குப் பின்னால் பொலித்தீன் தாள் ஒட்டப்பட்டது. புதுப் பலகையின் இருபுறமும் விளிம்பும் வார்னிஷ் கண்டன. இதில் விவாதம் எதுவும் எழவில்லை. விவாதம் இருக்கைகளில் எழுந்தது.

குஷன் வேலை செய்பவர் அறுபது வயதைக் கடந்தவர். யாழ்ப்பாணத்து வாடகைக் கார்களுக்கு நாற்பது ஆண்டு இருக்கை தைத்தவர். முன்னிருக்கைகளின் மேலிருந்த பச்சை றெக்சினை அவர் கத்தியின் நுனியால் பிரித்தார்.

றெக்சின் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இது தோலின் பெயருமன்று, துணியின் பெயருமன்று. மன்செஸ்ரரை அடுத்த ஹைட் என்ற ஊரில் இயங்கிய ஒரு தொழிற்சாலையின் வணிகப் பெயர். பருத்தித் துணியின் மேல் செலுலோசு நைத்திரேற்றையும் கர்ப்பூர எண்ணெயையும் நிறப்பொருளையும் கலந்து பூசித் தோலின் வரி அழுத்தப்பெற்ற செயற்கைத் தோல் அது. பின்னர் அவ்விடத்தைப் பொலிவைனைல் குளோரைட்டுப் பூசிய துணி பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் எங்கள் குஷன் கடைகளில் மாறவில்லை. இக்காரின் பச்சை றெக்சினும் அவ்வாறே பெயரளவில் றெக்சின். அப்போதிக்கரி அதனை 1974 இல் தைப்பித்தார். பச்சையை அவர் விரும்பித் தெரிந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை. இறக்குமதி இறுகிக்கிடந்த ஆண்டு அது. கடையில் இருந்த நிறம் பச்சை.

அதன் கீழே இருந்து வெளிப்பட்டது சிவப்பு. டீலக்ஸ் வகைக்குத் தொழிற்சாலையிலேயே இட்ட தோல். உடல் படும் முகப்பில் மட்டும் உண்மைத் தோல், பக்கங்களில் தோல்துணி என்பது அக்காலத்துப் பிரித்தானியச் சிக்கனம். முன்னிருக்கைகளில் அது காய்ந்து அப்பளம் போல் உடைந்தது. பின்னிருக்கையிலோ 1974 இல் கைவைக்கப்படவில்லை. அதன் மேல் இருந்தது ஆசிரியையின் தாயார் பழைய படுக்கை விரிப்பொன்றை வெட்டித் தைத்த உறை ஒன்றே. அவ்வுறையை நீக்கியபோது அறுபத்து நான்கு ஆண்டுத் தோல், நிறம் மங்கியும் முழுதாய், தையல் விடாமல் இருந்தது.

"ரீச்சர், கொம்பனியாலை வந்தது இதுதான். இந்தச் சிவப்பிலையே எல்லாத்தையும் திருப்பிச் செய்வம்" என்றார் குஷன்காரர். அவருக்கு அது தொழில் மானம்.

அன்றிரவு தொலைபேசியில் தம்பியார் அதிர்ந்தார். "அக்கா, அப்பான்ரை கார் பச்சையெல்லோ? சிவப்பெண்டு ஆர் சொன்னது?" பின்னர் சிறிது யோசித்து, திருமணத்துக்குத்தானே, எல்லாவற்றையும் களைந்துவிட்டு வெள்ளையாகத் தைத்தால் படங்களில் நன்றாய் வரும் என்றும் கூறினார்.

வெள்ளையைப் பற்றிய விவாதம் எளிதில் தீர்ந்தது. மொறிஸ் மைனருக்கு வெள்ளை இருக்கை முற்றிலும் புதியதன்று. 1948 இல் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமான இவ்வண்டி பத்து இலட்சத்தை எட்டியபோது, பிரித்தானியக் கார்களுள் அவ்வெண்ணிக்கையை முதலில் அடைந்தது என்ற பெருமையோடு, ஊதா கலந்த வெளிர்நிறத்தில் 350 வண்டிகள் சிறப்பாகச் செய்யப்பட்டன. அவற்றுக்கு வெள்ளை இருக்கை. மொத்தம் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றுள் 350. செம்மண் ஊரில், அதுவும் தகரக் கொட்டகையில், வெள்ளை எத்தனை நாள் வெள்ளையாயிருக்கும் என்ற கேள்விக்குக் கனடாவிலும் மறுமொழி இருக்கவில்லை.

சிவப்பா பச்சையா என்பதே உண்மையான வழக்கு. மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர்க்கு இது நிறத்தைப் பற்றிய சிறு பிணக்கு. உண்மையில் ஒவ்வொருவர் மனத்திலும் வெவ்வேறு கார் இருந்தது. குஷன்காரரின் கார் 1959 இல் தொழிற்சாலை வாயிலைத் தாண்டிய கார்; அதில் அப்போதிக்கரியும் இல்லை, அவர் பிள்ளைகளும் இல்லை. தம்பியாரின் கார் 1974 க்கும் 1987 க்கும் இடையில் நின்றுவிட்ட கார்; அது பச்சை, அதில் எலி இல்லை, யுத்தமும் இல்லை. ஊரை விட்டுச் சென்றவரின் நினைவு பொய் என்று எவரும் சொல்லத் துணியக்கூடாது. அவரைப் பொறுத்தவரை அதுவே தந்தையின் கார். ஆசிரியையின் காரோ படுக்கை விரிப்பு உறை போட்ட, மண்ணெண்ணெய் மணத்த கார். பழையபடி ஆக்குவோம் என்று மூவரும் ஒரே குரலிற் கூறினர். எந்தப் பழையபடி?

இவ்வினா கார்களுக்கு மாத்திரம் உரியதன்று. புராதனக் கட்டடங்களைப் பேணுவது குறித்து 1964 இல் உருவான வெனிஸ் சாசனம் இதனை நேரே எதிர்கொண்டது. ஒரு கட்டடத்தில் வெவ்வேறு காலத்தவர் செய்த தகுந்த பணிகள் யாவும் மதிக்கப்படவேண்டும். முழுவதையும் ஒரே காலத்துப் பாணிக்கு மீட்பது நோக்கமாகாது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு நிற்கவேண்டும் என்பன அதன் கருத்துகள். பழைய வாகனங்களைப் பேணுவோரின் சர்வதேச அமைப்பு 2012 இல் ஏற்ற துரின் சாசனமும் இதன் வழிவந்ததே. யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்விவாதம் ஏட்டிலிருந்து வந்ததன்று. 1981 இல் எரிக்கப்பட்ட பொது நூலகத்தைப் புதுக்க முனைந்தபோது, முன்னிருந்தவாறே எழுப்புக என்றாரும், எரிந்த சுவரை நினைவுச் சின்னமாக அப்படியே விடுக என்றாரும் இருந்தனர். வெள்ளை மாடம் மீண்டும் எழுந்தது. நூல்கள் வாசிக்கப்படுவதற்கு ஒரு கட்டடம் வேண்டும் என்ற நியாயம் வலிது. கரிந்த சுவரைத் தேடிப் போவோர்க்கு அங்கே இப்போது காண எதுவுமில்லை என்பதும் உண்மை. காரும் அத்தகைய பொருளே. அதில் ஒருவர் அமர்ந்து செல்லவேண்டும்.

விவாதம் தீராமலேயே வேலை நடந்தது. பின்னிருக்கைத் தோலை ஆசிரியை தாமே எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் கார் இருக்கையைச் சலவைச் சவர்க்காரத்தால் தேய்ப்பதே வழக்கம். பதனிட்ட தோல் மெல்லிய அமிலத்தன்மை உடையது. சலவைச் சவர்க்காரம் காரம். காரம் தோலின் நெய்ப்பசையை இழுத்துக்கொண்டு அதனை விறைக்கச் செய்கிறது. ஒவ்வொரு தேய்ப்பிலும் இருக்கை சுத்தமாகிறது. ஒவ்வொரு தேய்ப்பிலும் ஓராண்டு இழக்கிறது. முன்னிருக்கைத் தோல் உடைந்தமைக்கு வெயில் பாதி, அன்புள்ள கைகள் பாதி. ஆசிரியை மென்மையான திரவச் சவர்க்காரத்தை நுரையாக்கி, நுரையை மாத்திரம் துணியில் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தைத் துடைத்து, உடனேயே ஈரத்துணியாலும் உலர்துணியாலும் ஒற்றி, அடுத்த உள்ளங்கைக்குச் சென்றார். ஒரு நாளைக்கு ஒரு முழம். அயலவர் தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார்கள். அது சில நாளைக்குப் பளபளக்கும். பின்னர் ஊசும், புழுதியைப் பிடிக்கும், மாரியில் பூஞ்சணத்துக்கு உணவாகும். கொழும்பிலிருந்து தருவித்த தோல் மெழுகை அவர் சிக்கனமாகவே இட்டார். தையல் விட்ட இரண்டோர் இடத்தில் பழைய துளைகளின் வழியாகவே ஊசி சென்றது. புதுத் துளை இட்டால் பழைய தோல் முத்திரைத் தாள் போல அவ்வரியிலே கிழியும் என்று குஷன்காரர் எச்சரித்திருந்தார்.

நான்காம் நாள் கறைக்கு வந்தார். பின்னிருக்கையின் இடது பக்கத்தில், கையகலத்தில், கபில நிறமான கறை. தாயார் உறை தைத்தது கிழிசலை மறைக்க அன்று, இதனை மறைக்க.

1993 இல் ஓரிரவு காயம்பட்ட சிறுவனொருவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுமாறு அயற்கிராமத்தார் அப்போதிக்கரியின் படலையைத் தட்டினர். மருந்து அரிதான காலம். அவர் பையிலே காயங் கழுவக் கொண்டுசென்றது கொண்டிஸ் கரைசல், அதாவது பொற்றாசியம் பரமங்கனேற்று. விளக்கு ஏற்றாமல் ஓடிய காரின் சக்கரம் பள்ளத்தில் விழ, போத்தல் இருக்கையிலே கவிழ்ந்தது. வீட்டார் அறிந்தது இவ்வளவே. சிறுவன் பிழைத்தானா என்பதை அப்போதிக்கரி கூறவில்லை. விடியற்காலை வந்தவர் கிணற்றடிக்குச் சென்று குளித்தார், பின்னர் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதென்று மகளை எழுப்பினார். எவரும் கேட்கவுமில்லை. அப்போதிக்கரிகளின் வீடுகளில் அவ்வாறு கேட்கும் வழக்கம் இருந்ததில்லை.

கறையின் இரசாயனம் அவருக்குத் தெரியும். மூன்று தசாப்தமாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தது அது. ஊதாநிறக் கரைசல் தாழ்த்தப்பட்டுக் கபிலநிற மங்கனீசீரொட்சைட்டாகப் படிகிறது. சவர்க்காரத்துக்கும் நீருக்கும் அது அசையாது. ஐதான ஒட்சாலிக்கமிலம் ஒரு துளி பட்டால் போதும். எலுமிச்சைச் சாறும் ஓரளவு செய்யும். கபிலம் மறைந்து நிறமற்றதாகும். ஆய்வுகூடத்தில் கறைபட்ட கைகளோடு நின்ற எத்தனையோ மாணவிகளுக்கு அவரே அதனைச் செய்துகாட்டியவர். அவ்வமிலத்தைக் கரைத்து, பஞ்சுமுனையில் எடுத்து, கறையின் விளிம்பில் மிளகளவு இடத்தைத் தொட்டார். ஒரு கணத்தில் அங்கே கபிலம் போயிற்று. கீழே தெரிந்தது சிவப்பு அன்று. பரமங்கனேற்று தோலின் மேற்பரப்பையே ஒட்சியேற்றியிருந்தது. நிறமிழந்து வரியிழந்த ஒரு வெளிறிய புள்ளி. கறையை முழுவதும் நீக்கினால் கறை இருந்த இடத்தில் கறையின் வடிவிலேயே ஒரு வடு இருக்கும். அதற்கு மேல் நிறம் பூசவேண்டும்.

நிறம் பூசித் தருவதாகக் குஷன்காரர் கூறினார்; அவருக்கு அது அரை நாள் வேலை. ஆசிரியை பஞ்சை எறிந்துவிட்டுக் கரைசலை நீர்விட்டு ஐதாக்கி, அப்பச்சோடாவிட்டு நடுநிலையாக்கி, வேலி ஓரத்தில் ஊற்றினார். "இது கிடக்கட்டும். நீங்கள் முன்சீற்றைப் பாருங்கோ" என்றார்.

முன்னிருக்கைகளைப் பொறுத்தவரை பழைய தோலைக் காப்பாற்றுவது இயலாத காரியம். எலி உறைந்த தும்பைக் களைந்து, கம்பிச்சுருள்களைத் துடைத்து எண்ணெயிட்டு, புதுத் தும்பும் அதன் மேல் ஸ்பொஞ்சும் வைத்துக் கட்டவேண்டியிருந்தது. மேலுறை புதியதே ஆகவேண்டும் என்பதால், பின்னிருக்கையோடு ஒத்துப்போகும் சிவப்பில் தைப்பதாக முடிவாயிற்று. புதிதின் சிவப்பு மங்கிய சிவப்போடு ஒத்துப்போகவில்லை. இனியும் இருபது ஆண்டு வெயில் படவேண்டும். தம்பியாரின் பச்சைக்கு இடமில்லாது போயிற்று என்றே தோன்றிற்று. ஆயின் முன்னிருக்கையின் முதுகுப்புறத்தைப் பிரிக்கும்போது குஷன்காரர் கத்தியை நிறுத்தினார். அப்பக்கத்தில் எவரும் சாய்வதில்லை, வெயில் படுவதுமில்லை. அங்கே 1974 இன் பச்சை ஏறக்குறைய முழுமையாக, கீறலும் சிறுவிரல் நகத்தடமுமாக இருந்தது. பின்னிருக்கையில் வளர்ந்த பிள்ளைக்குக் கார் என்பது முன்னே தெரியும் அம்முதுகுதானே. தம்பியார் பச்சைக் கார் என்றதில் ஒரு சொட்டுப் பிழையும் இருக்கவில்லை. தாம் அமர்ந்தது சிவப்பின் மேல் என்பதை மட்டும் அவர் காணவில்லை. முதுகுப்புறம் பச்சையாகவே விடப்பட்டது. முன்னே சிவப்பும் பின்னே பச்சையுமான அவ்விருக்கை அழகுடையது என்று கூறல் அரிது. குஷன்காரர் அதனைத் தம் வேலையென்று எவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாதி விளையாட்டு, பாதி மெய்.

மற்றவை விரைவில் முடிந்தன. நடுவில் அமைந்த வேகமானியின் கண்ணாடி துடைக்கப்பட்டது. 1961 இல் மினுங்கும் விளக்குகள் வருமுன் இவ்வண்டிகளுக்குத் திருப்பக் குறியாக அமைந்தவை நடுத்தூணிலிருந்து கைபோல எழும் சிறு துடுப்புகள். வலப்புறத்தது எழுந்தது, இடப்புறத்தது எழவில்லை, அதன் கம்பியைத் தேடிக் கூரைச் சீலையைப் பிரிப்பதில்லை என்று தீர்மானமாயிற்று. குறுக்குக் கம்பிகளில் தொங்கும் அச்சீலையை, 'ஹூட்' என்பர், நனைத்தால் விளிம்பின் பசை விட்டுவிடும். மீண்டும் இழுத்து ஒட்டுவது புதிதாய்ப் போடுவதிலும் கடினம். நுரையால் மேலாக ஒற்றியதோடு சரி. மேலே ஒரு பழுப்புக் கோடு நிற்கிறது.

2020 மார்ச்சில் தொடங்கி 2025 பெப்ரவரி வரை நாட்டில் தனியார் கார் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டிருந்தமையால் பழைய வண்டிகளின் விலை அக்காலத்தில் ஏறியிருந்தது. வேலை நடக்கையிலேயே மூவர் வந்து விலை கேட்டனர். ஒருவர் உட்புறத்தைச் சுற்றிப் பார்த்து, பின்சீற்றை மட்டும் மாற்றித் தந்தால் இன்னுமோர் இலட்சம் கூட்டித் தருவதாகக் கூறினார்.

மண்ணெண்ணெய் வாசனைக்குச் சிரட்டைக்கரியை மூன்று தட்டங்களில் வைத்து இரவில் கண்ணாடிகளை மூடி, காலையில் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கரியை மாற்றினர். பெரும்பகுதி போயிற்று. திருமணத்துக்கு முதல்நாள் தம்பியார் வந்து பின்னிருக்கையில் அமர்ந்து முன்னே இருந்த பச்சையை நெடுநேரம் தடவினார். பின்னர் கீழே நோக்கி, "இது என்ன அக்கா?" என்றார். ஆசிரியை சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் மணமகள் அந்தப் பக்கத்தில் அமர்வதா மறுபக்கத்திலா என்று கேட்டார். "எந்தப் பக்கமெண்டாலும் இருக்கட்டும், அது காய்ஞ்சு முப்பது வரியம். சீலையிலை பிரளாது" என்றார் ஆசிரியை. நண்பகலில் வண்டி வெயிலில் நின்று கதவு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் இன்னும் மணக்கிறது.